காய்ச்சற் கணக்கும் கணினியும்

தொற்றுநோயை வெல்வதற்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவ்விரண்டிற்கும் முன்னதாக வேண்டப்படுவது பிறிதொன்று உண்டு. எந்த ஊரில், எந்த வாரத்தில், எத்தனை பேருக்கு, எவ்வகைக் காய்ச்சல் கண்டது என்னும் செய்தியே அது. செய்தி காலந்தாழ்த்தி வருமாயின் மருந்தும் காலந்தாழ்த்தியே செல்லும். செய்தி பிழையாயின் மருந்து வேறோர் ஊருக்குப் போய்ச் சேரும். இச்செய்தியைத் திரட்டும் பணியில் இன்று கணினியும் கைத்தொலைபேசியும் புகுந்துள்ளன. அவற்றைப் பயன்கொள்ளும் திறமை நம் சுகாதார ஊழியரிடையே எங்ஙனம் வளர்ந்தது, இன்னும் எங்ஙனம் வளர வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சியை முன்னேஸ்வரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். சிலாபம் நகரை அடுத்து, தென்னஞ்சோலைகளின் நடுவே அமைந்த இச்சிவத்தலத்தைத் தமிழ் நேயர்கள் நன்கு அறிவர். இதற்குச் சிறிது வடக்கே தெதுறு ஓயா கடலோடு கலக்கின்றது. குருநாகல் மாவட்டத்தினூடாகப் பாய்ந்து வரும் இவ்வாறு, வயல்களை வளப்படுத்தும் ஆறு. ஒரு காலத்தில் பல்லாயிரவர் மடியக் காரணமாயிருந்த ஆறும் இதுவே.

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆற்றின் ஓட்டம் நின்றது. மணற்படுகையில் ஆங்காங்கே சிறு குட்டைகள் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அத்தகைய தெளிந்த, அசையாத நீரிலேதான் முட்டையிடும். ஓடுகின்ற ஆற்றில் அதற்கு இடமில்லை. வற்றிய ஆறோ அதற்கு அரண்மனையாயிற்று. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் கரையோர ஊர்களில் 1934 இறுதியில் தொடங்கிய காய்ச்சல், அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை நின்றெரிந்தது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த இலங்கையில் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மழை குறைந்தமை, ஆறு வற்றியமை, குழந்தைகளுக்குக் காய்ச்சல் கூடியமை ஆகிய மூன்று செய்திகளையும் உடனுக்குடன் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்னும் கேள்வி, இன்று நினைப்பினும் நெஞ்சை வருத்துவதாகும்.

அதன் பின்னர் நாடு விழித்துக்கொண்டது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீடுகளுக்கு டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. காய்ச்சற்காரரின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆராயும் பழக்கம் ஊர்தோறும் பரவியது. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் வெறும் 17 பேரே. நோய் ஒழிந்தது என்று மகிழ்ந்தனர். மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. ஆனால் நுளம்பு ஓய்வெடுக்கவில்லை. 1960களின் இறுதியில் மலேரியா மீண்டும் பொங்கி எழுந்தது. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழு என்னும் எண் ஆறே ஆண்டுகளில் ஐந்து இலட்சமாயிற்று.

பயிற்சி பெற்ற கண்கள் நாட்டில் இருந்தபோது நோய் அடங்கியது. அக்கண்கள் அயர்ந்தபோது நோய் திரும்பியது. பின்னர் நெடுங்காலம் உழைத்து, 2012ஆம் ஆண்டு அக்டோபரில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளரோடு அத்தொடர் முடிவுற்றது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனினும் வெளிநாடுகளிலிருந்து திரும்புவோர் சிலர் ஆண்டுதோறும் இந்நோயைச் சுமந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரைத் தவறவிட்டாலும் பழைய கதை மீண்டும் தொடங்கலாம். இங்கேதான் ஒரு புதிய இடர் தோன்றுகின்றது. மலேரியாவையே கண்டிராத இளம் வைத்தியர்களும் தாதியரும் இன்று பணியில் உள்ளனர். காணாத நோயை நினைவில் வைத்திருப்பது எளிதன்று. நோய் மறைய மறைய அதனை அறியும் திறமையும் மறையும். ஆகவே பயிற்சி என்பது ஒருமுறை பெற்று முடித்துவிடும் பட்டம் போன்றதன்று; விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பது போன்று நாடோறும் செய்ய வேண்டியதாகும்.

நோய்ச்செய்தி இலங்கையில் எவ்வழியே செல்கின்றது என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. அறிவிக்க வேண்டிய நோய்கள் என ஒரு பட்டியல் உண்டு. டெங்கு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் முதலியன அதில் அடங்கும். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் வேரூன்றிய ஏற்பாடு இது. இவற்றுள் ஒன்றென ஐயம் தோன்றிய உடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவத்தை நிரப்பி, நோயாளர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வலுவலகத்தில் அது பதிவேட்டில் ஏறும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளரின் இல்லத்திற்கே சென்று விசாரித்து, நீர்நிலையையும் சுற்றுப்புறத்தையும் பார்த்து அறிக்கை தருவார். வாரந்தோறும் அவையெல்லாம் தொகுக்கப்பட்டுக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவைச் சென்றடையும். அப்பிரிவு வாராந்த அறிக்கையாக நாட்டின் நிலையை வெளியிடும்.

திருத்தமான ஏற்பாடுதான். ஆயினும் தாளில் எழுதப்பட்ட செய்தி தபாலின் கால்களால் நடக்கின்றது. கிருமியோ பேருந்திலும் புகையிரதத்திலும் பயணஞ் செய்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். முன்னேஸ்வரத்தின் பெருந்திருவிழா ஆவணியை ஒட்டி ஏறக்குறைய நான்கு வாரங்கள் நடைபெறுகின்றது. மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அடியார்கள் வருவர். சிங்கள மக்களும் திரளாக வருவர். எங்கோ வழியில், ஒரு கடையின் தூய்மையற்ற நீரை ஐவர் அருந்தினர் என்று கொள்வோம். நெருப்புக்காய்ச்சல் உடனே வெளிப்படாது. ஒன்றிரண்டு வாரங்கள் உடலினுள் பதுங்கியிருக்கும். அதற்குள் ஐவரும் தத்தம் ஊர் திரும்பிவிடுவர். ஒருவர் பதுளையில் காய்ச்சலில் விழுவார், ஒருவர் வவுனியாவில், ஒருவர் கொழும்பில். படிவம் செல்வதோ நோயாளரின் வசிப்பிடத்திற்கு. ஐந்து சுகாதார அலுவலகங்களும் ஆளுக்கொரு நோயாளரையே காணும். ஒருவர் நோயுற்றதில் எவரும் வியப்படையார். ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பவரே, இவை ஒரே கிணற்றில் ஊறிய நீர் என்று உணர்வார்.

சேர்த்துப் பார்க்கும் வேலையைக் கணினி நொடியிற் செய்யும். ஆயினும் கணினி தானாக ஒன்றையும் அறியாது. பதுளைப் பரிசோதகர் நோயாளரிடம், கடந்த மூன்று வாரங்களில் எங்கெங்கே சென்றீர்கள் என்று பரிவோடு கேட்டிருக்க வேண்டும். கேட்டதை உரிய கட்டத்தில் உரிய முறையில் பதிந்திருக்க வேண்டும். அவர் கேளாவிடின், அல்லது கேட்டும் பதியாவிடின், விலையுயர்ந்த பொறியும் வெறும் பெட்டியே. எண்முறைச் சுகாதாரத் திறமை என்று அறிஞர் கூறுவதன் முதற்படி, கேட்க வேண்டியதைக் கேட்டு முறையாகப் பதிதலேயாகும்.

ஊர்ப்பெயரை எழுதுவதிலும் இத்தொல்லை உண்டு. தமிழர் சிலாபம் என்பர். சிங்களவர் ஹலாவத்த என்பர். ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலோ என்பர். ஊரார்க்கு மூன்றும் ஓரூரே. பொறிக்கோ அவை மூன்று ஊர்கள். ஒன்பது நோயாளரை மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டி, எங்கும் அச்சமில்லை என்று அது கூறிவிடும். இலங்கையில் 14,000 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் மாறாத இலக்கம் ஒன்றைக் கொடுத்து, அவ்விலக்கத்தைப் பிழையின்றிப் பதியக் கற்பித்தால் இத்தொல்லை தீரும். சிறிய செயல்தான், ஆனால் நோய்க்கொத்து கண்ணில் படுவதும் படாமற்போவதும் இச்சிறிய செயலைப் பொறுத்தது.

இவ்வழியில் ஒரு முன்னோடி முயற்சி, முன்னேஸ்வரத்திற்கு அண்மையிலுள்ள குருநாகல் மாவட்டத்திலும், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒருங்கே நடைபெற்றது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் கடுமையாகப் பரவியது. ஏழாயிரத்திற்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர் என ஐயுறப்பட்டது. வாராந்தத் தாளறிக்கையின் வேகம் போதாது என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. அக்காலத்திலேயே லேர்ண் ஏஷியா என்னும் ஆய்வு நிறுவனமும், சர்வோதய இயக்கமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் கூடி இச்சோதனையை நடத்தின. குருநாகலில் சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த ஊழியர்களும், சிவகங்கையில் கிராம சுகாதாரச் செவிலியர்களும், அன்றன்று கண்ட நோயாளரின் வயது, பால், குறிகள், ஊர் ஆகியவற்றைச் சாதாரணக் கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பினர். தொலைவிலிருந்த கணினி அவற்றைத் திரட்டி, வழக்கத்திற்கு மாறாக ஏதேனும் ஓரிடத்தில் நோய் மிகுகின்றதா என்று கணித்தது.

இச்சோதனை கற்பித்தவை பல. சிற்றூரில் பணிபுரியும் ஊழியரும் பயிற்சி பெற்றால் இக்கருவியைக் கையாளலாம் என்பது தெளிந்தது. அதேவேளையில், சிறிய திரையிலும் சிறிய விசைகளிலும் நோயின் பெயரை எழுத்தெழுத்தாகப் பதியும்போது பிழை மலிந்ததும் தெரியவந்தது. எழுதச் செய்வதினும், ஆயத்தமான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வதே சாலச் சிறந்தது. கருவியை ஊழியரின் கைக்கு ஏற்ப அமைத்தலும் பயிற்சியின் ஒரு பாதியே.

பின்னர்க் கொழும்பு மாநகரிலும் இவ்வகை முயற்சி ஒன்று நடந்தது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளரோடு இணைந்து, மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டெங்கு விசாரணைப் படிவங்களைக் கைக்கணினியில் நிரப்பலாயினர். நோயாளரின் வீடு எங்கே உள்ளது என்பது வரைபடத்திலேயே குறிக்கப்பட்டது. தாளைச் சுமந்துகொண்டு அலுவலகத்திற்கு நடக்கும் நேரம் மிச்சமாயிற்று. மிச்சமான அந்நேரம் நுளம்பு பெருகும் தேங்காய்ச் சிரட்டையையும் கூரைப் பீலியையும் தேடுவதற்குப் பயன்படும். கணினியின் உண்மையான பயனை இங்கேதான் அளக்க வேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அத்தகைய வெள்ளத்தில் ஒரு பரிசோதகரின் ஒரு மணித்தியாலமும் பெறுமதி வாய்ந்தது.

கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம். கருவியை நம் தேவைக்கேற்ப மாற்றும் அறிவை எவ்வாறு வாங்குவது? இக்கேள்விக்கு இலங்கை நல்ல விடை ஒன்றைக் கண்டது. 2009ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நோர்வே நாட்டின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. நோயையும் அறிந்து, கணினியையும் அறிந்த வைத்தியர்கள் இவ்வாறு உருவாயினர். மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் என்னும் இலவச அமைப்பு அவர்கள் கைக்கு வந்தது. நிறவெறி ஆட்சி நீங்கிய தென்னாபிரிக்காவில், எல்லா மக்களுக்கும் ஒரே சுகாதாரக் கணக்கு வேண்டும் என்னும் நோக்கில் 1990களில் பிறந்தது அது. பின்னர் ஒஸ்லோவில் வளர்ந்து, இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளிற் பயன்படுகின்றது. அதன் மூலநிரலை எவரும் காணலாம், மாற்றலாம்.

இவ்வறிவின் பயன் 2020ஆம் ஆண்டு சனவரியில் வெளிப்பட்டது. சீனாவில் புதிய நச்சுயிரி தோன்றிய செய்தி கிடைத்த உடனேயே, இலங்கைத் தகவலியல் வைத்தியர்களும் அவர்தம் நண்பர்களும் இம்மென்பொருளைத் திருத்தி, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிவுசெய்து, அவர் தங்கும் பகுதியின் சுகாதார அலுவலகம் அவரைத் தொடர்ந்து கவனிக்கும் வகையில் ஓர் அமைப்பைச் சில நாட்களிலேயே ஆக்கினர். சனவரி 27ஆம் நாள் இலங்கையில் முதல் கோவிட் நோயாளர் உறுதிப்படுத்தப்பட்டார். அதே கருவியின் வழியில் பிற நாடுகள் பலவும் தத்தம் அமைப்புக்களை ஆக்கிக்கொண்டன. நோர்வேயின் உள்ளூராட்சி மன்றங்கள் சிலவும் அவ்வழியைப் பின்பற்றின. கற்பித்த நாட்டிற்கே மாணவன் பாடம் சொன்னதை ஒத்தது இது. பொறியை வாங்குவதில் மட்டும் பணத்தைச் செலவிட்டிருந்தால் இது நிகழ்ந்திராது. பத்தாண்டுகளுக்கு முன்னே மனிதரைப் பயிற்றுவித்தமையால் நிகழ்ந்தது.

ஆனால் முதுமாணிப் பட்டம் பெற்ற சிலரோடு இக்கதை முடியலாகாது. வளர்ந்துவரும் நாடுகளில் சுகாதாரத்தின் பெருஞ்சுமையைத் தாங்குபவர் குடும்பநல மருத்துவமாதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், கிராமச் செவிலியருமே. இவர்களுக்கு வேண்டிய திறமைகளை நால்வகையாகக் கூறலாம்.

முதலாவது, பிழையறப் பதிதல். இதன் அருமை மேலே கூறப்பட்டது. இரண்டாவது, பதிந்ததைப் படித்தல். தம் பகுதியின் எண்களைத் தாமே வரைபடமாகக் கண்டு, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு, இது வழக்கமா, வழக்கத்திற்கு மாறானதா என்று உணர்தல். கொழும்பிலிருந்து விளக்கம் வரும்வரை காத்திருப்பவர் எழுத்தர். தாமே உணர்ந்து செயற்படுபவரே சுகாதார ஊழியர். மூன்றாவது, இரகசியம் காத்தல். ஒருவரின் நோயை அவர் அயலார் அறியும்படி செய்தால், அடுத்தவர் தம் நோயை மறைப்பார். மறைந்த நோய் பரவும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டாத பழக்கத்திலும் இருத்தல் வேண்டும். நான்காவது, ஐயுறுதல். பொறி கூறியது அனைத்தும் மெய்யென நம்புதல் பேதைமை. ஒரு பகுதியில் டெங்கு திடீரெனக் குறைந்ததாகத் திரை காட்டினால், நோய்தான் குறைந்ததா, அன்றிப் பதிபவர் விடுமுறையிற் சென்றாரா என்று வினவும் அறிவு வேண்டும்.

இத்திறமைகளை ஊட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஊழியரை நகரிலுள்ள மண்டபத்திற்கு அழைத்து, இரண்டு நாள் விரிவுரை நிகழ்த்திச் சான்றிதழ் அளித்து அனுப்புதல் எங்கும் வழக்கமாயுள்ளது. ஊர் திரும்பிய மறுவாரம் கருவி பழுதானால் யாரைக் கேட்பது என்று அறியாமல் அவர் அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். பணியிடத்திலேயே, அவர் தாய்மொழியிலேயே, அவர் நாடோறும் காணும் நோயாளரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சிறிது சிறிதாகப் பல மாதங்கள் கற்பித்தலே நிலைக்கும். நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து கற்பித்தல் இயலாது.

இன்னும் இரண்டு குறைகளையும் களைய வேண்டும். ஒன்று, இரட்டைச் சுமை. தாளிலும் எழுது, கணினியிலும் பதி என்று ஒரே செய்திக்கு இருமுறை உழைப்பைக் கேட்டால், ஊழியர் இரண்டிலும் சலிப்படைவர். கணினியை நம்பலாம் என உறுதியான பின்னர் தாளை நிறுத்தும் துணிவு அதிகாரிகளுக்கு வேண்டும். மற்றொன்று, மறுமொழியின்மை. மருத்துவமாது ஒருவர் ஆண்டு முழுவதும் எண்களை அனுப்புகின்றார். அவற்றால் என்ன நேர்ந்தது என்று ஒருநாளும் அவருக்குக் கூறப்படுவதில்லை. கிணற்றிற் போட்ட கல்லாகத் தம் உழைப்பு மறைவதைக் காண்பவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? நீங்கள் அறிவித்த மூன்று நோயாளரால் ஒரு குளத்து நீரைச் சோதித்தோம், அங்கே கேட்டைக் கண்டோம் என்று ஒரு வரி திரும்பி வருமாயின், அடுத்த பதிவு தானே திருத்தமாகும்.

இவற்றில் மக்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பரிசோதகர் வீடு தேடி வரும்போது அவர் அபராதம் விதிக்க வந்தவர் என்று அஞ்சிக் கதவைச் சாத்தாமல், உண்மையான விலாசத்தையும் சென்று வந்த இடங்களையும் கூறுதல் நம் கடன். வெளிநாடு சென்று திரும்பியபின் காய்ச்சல் கண்டால், அப்பயணத்தை வைத்தியரிடம் கேளாமலே சொல்லுதல் வேண்டும். அவ்வொரு வாக்கியம், மலேரியா நாட்டினுள் மீண்டும் வேரூன்றுவதைத் தடுக்க வல்லது.

தெதுறு ஓயா இன்றும் ஓடுகின்றது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அதன் படுகையில் இன்றும் குட்டைகள் தேங்குகின்றன. 2016ஆம் ஆண்டு இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் வேறொரு வகை நுளம்பு மன்னாரிலே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரும் இயல்பினது அது. அதனைக் கண்டுபிடித்தது, நோய் இல்லாத காலத்திலும் நீரைக் கோரிப் புழுவை ஆராய்ந்து வந்த களப்பணியாளரின் விடாமுயற்சியே. அத்தகைய கண்ணும் கையும் ஊர்தோறும் இருக்குமாயின், அவற்றின் செய்தியைக் கணினி நொடியில் நாடெங்கும் கொண்டு செல்லும். அவை இல்லாத இடத்தில் கணினி கொண்டு செல்வதற்குச் செய்தியே இராது. ஆகவே அரசுகளும் அறநிலையங்களும் பொறிக்கு ஒதுக்கும் பணத்தோடு, அப்பொறியைக் கையாளும் மனிதரைப் பயிற்றுவதற்கும் ஆண்டுதோறும் தவறாது பொருள் ஒதுக்குமாக. நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்த ஆண்டிலும் அவ்வொதுக்கீடு குறையாதிருக்குமாக.